பணித்திறனைப் பாதிக்கும் காரணிகளை நீங்களே ஆராய்வது எப்படி

இரவு கண்விழித்துப் படித்தால் பாடம் மனத்தில் நிற்குமா, பாட்டுக் கேட்டுக்கொண்டே கணக்குப் போட்டால் பிழை கூடுமா, காபி குடித்த பிறகு வேலை வேகமாக நடக்கிறதா என்பன போன்ற கேள்விகளுக்கு ஏறக்குறைய எல்லோரிடமும் ஒரு விடை இருக்கிறது. அந்த விடைகள் பெரும்பாலும் சொந்த அனுபவத்திலிருந்து வந்தவை. அனுபவம் என்று நாம் சொல்வதோ, நம் வேலையை நாமே அவ்வப்போது மதிப்பிட்டுக்கொண்டதன் தொகுப்புதான். அந்த மதிப்பீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைக் காட்டும் ஓர் ஆய்வை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2003-ஆம் ஆண்டில் ஹான்ஸ் வான் டாங்கன், டேவிட் டிங்கஸ் முதலியோர் வெளியிட்ட அந்த ஆய்வில் 48 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் நாளொன்றுக்கு 8 மணி நேரமும், அடுத்த பிரிவினர் 6 மணி நேரமும், மூன்றாம் பிரிவினர் 4 மணி நேரமும் மட்டுமே படுக்கையில் இருக்க அனுமதிக்கப்பட்டனர். இது 14 நாட்கள் தொடர்ந்தது. நான்காம் பிரிவினர் மூன்று இரவுகள் அறவே உறங்கவில்லை. 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களின் கவனமும் செயல்நினைவும் (ஒரு வேலையைச் செய்யும்போது தேவையானதைத் தற்காலிகமாக மனத்தில் வைத்திருக்கும் திறன்) நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போய், இரண்டு வாரம் முடிவதற்குள் ஓரிரு இரவுகள் முழுக்கக் கண்விழித்தவர்களின் நிலையை எட்டின. ஆனால், ‘எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது’ என்று அவர்களைக் கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப் பிறகு அந்த உணர்வு பெரிதாகக் கூடவே இல்லை. திறன் குறைந்துகொண்டே போயிற்று; குறைகிறது என்ற உணர்வு பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

ஆகவே ‘எனக்கு ஆறு மணி நேரத் தூக்கம் போதும்’ என்று ஒருவர் மனதாரச் சொன்னாலும், அவர் சொல்வது தம் உணர்வைப் பற்றியதே தவிர, தம் திறனைப் பற்றியது ஆகாது. திறனைத் தெரிந்துகொள்ள அளந்துதான் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடமோ விலையுயர்ந்த கருவிகளோ இல்லாமல், தன்மீதோ ஒரு சிறு குழுவின்மீதோ அப்படி அளந்து பார்க்க விரும்பும் மாணவர்கள், ஆசிரியர்கள், குழுக்களை நடத்துவோர் ஆகியோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை தவறிப்போவதற்குக் காரணம், நாம் சோதிக்க எடுத்துக்கொண்ட காரணியைவிட நாம் கவனிக்காமல் விட்ட காரணிகள் வலிமையாக இருப்பதே. அவற்றை எப்படி அடக்கி வைப்பது என்பதே இதில் அதிகம் பேசப்படும்.

எதை அளப்பது

காரணியைத் தேர்ந்தெடுக்கும் முன் அளவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘நன்றாகச் செய்தார்’ என்பதில் குறைந்தது இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன: விரைவாகச் செய்தார் என்பது ஒன்று, பிழையின்றிச் செய்தார் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பவை. கையசைவுகளின் துல்லியத்தை ஆராய்ந்த ராபர்ட் உட்வொர்த் 1899-இலேயே, அசைவின் வேகம் கூடக்கூடத் துல்லியம் குறைவதைக் காட்டினார். 1954-இல் பால் ஃபிட்ஸ், இலக்கு சிறிதாகவோ தொலைவாகவோ இருக்கும்போது கை அதை அடைய எடுக்கும் நேரம் எவ்வாறு கூடுகிறது என்பதை ஒரு சூத்திரமாகவே எழுதினார். இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டால், பங்கேற்பவர் பிழைகளைப் பொருட்படுத்தாமல் வேகமாகச் செய்து ‘முன்னேற்றம்’ காட்டிவிடலாம். பிழைகளை மட்டும் எண்ணினால், மெதுவாகச் செய்து அதே முன்னேற்றத்தைக் காட்டிவிடலாம். எனவே ஒவ்வொரு முறையும் நேரம், பிழை ஆகிய இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். தொடங்கும் முன் தரும் அறிவுரையையும் ஒரே வாசகமாக எழுதி வைத்து, எல்லா முறையும் அதையே படித்துக் காட்டுங்கள். ஒரு நாள் ‘சீக்கிரம் செய்யுங்கள்’ என்றும் மறுநாள் ‘கவனமாகச் செய்யுங்கள்’ என்றும் சொன்னால், அந்த ஒரு சொல்லே நீங்கள் சோதிக்கும் காரணியைவிடப் பெரிய மாற்றத்தை உண்டாக்கிவிடும்.

அடுத்து, பணியைத் தேர்ந்தெடுப்பது. எளிய பணிகளில் மூன்று வகை போதுமானவை. முதலாவது, ஓரிலக்க எண்களைத் தொடர்ந்து கூட்டுவது. ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரேப்பெலின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சாதாரணக் கூட்டலைக் கொண்டுதான் சோர்வு, பயிற்சி, இடைவேளை ஆகியவற்றின் விளைவுகளைப் பிரித்தறிய முயன்று, வேலை நீள நீளத் திறன் ஏறி இறங்குவதைக் காட்டும் ‘உழைப்பின் வளைகோட்டை’ப் பற்றி 1902-இல் எழுதினார். தாளும் எழுதுகோலும் கடிகாரமும் இருந்தால் இதைச் செய்துவிடலாம். இரண்டாவது, எதிர்வினை நேரச் சோதனை. திரையில் 2 முதல் 10 வினாடி வரையிலான ஒழுங்கற்ற இடைவெளிகளில் ஒரு குறி தோன்றும். தோன்றியவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். 10 நிமிடம் இப்படியே தொடரும். பதில் வர அரை வினாடிக்கு மேல் ஆன தடவைகள் கவனச் சறுக்கல்களாக எண்ணப்படுகின்றன. தூக்க ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படுவது இதுவே. இதில் கற்றுக்கொள்ள ஏறத்தாழ ஒன்றுமே இல்லை என்பதால், நாள்தோறும் செய்தாலும் பயிற்சியால் திறன் அவ்வளவாகக் கூடாது என்பது இதன் பெரிய நன்மை.

மூன்றாவது, நீண்ட நேரக் கண்காணிப்பு. இரண்டாம் உலகப் போரின்போது ராடார் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் குறிகளைத் தவறவிட்டது ஏன் என்று ஆராய்ந்த நார்மன் மெக்வொர்த், 1948-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வெற்றுக் கடிகார முகப்பைப் பயன்படுத்தினார். அதன் முள் வினாடிக்கு ஒரு படியாக நகரும். எப்போதாவது ஒருமுறை இரண்டு படி தாவும். அந்தத் தாவலைக் கண்டவுடன் தெரிவிக்க வேண்டும். பார்ப்பதற்கு மிக எளிய இந்த வேலையில், முதல் அரை மணி நேரத்துக்குள்ளாகவே தவறவிடுவது கணிசமாகக் கூடிவிட்டது. ஐந்து நிமிடச் சோதனை வைத்திருந்தால் அந்தச் சரிவு கண்ணில் பட்டிருக்காது. நீங்கள் ஆராய விரும்பும் காரணி சோர்வு, சலிப்பு, கவனக் குறைவு ஆகியவற்றின் வழியாகச் செயல்படும் என்று கருதினால், சோதனை போதிய அளவு நீளமாக இருப்பது இன்றியமையாதது.

பணியின் கடினத்தையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் முழு மதிப்பெண் பெறும் பணியில் எந்தக் காரணியின் நன்மையும் தெரியாது. எல்லோரும் தோற்கும் பணியில் எந்தக் காரணியின் கேடும் தெரியாது. இரண்டு, மூன்று பேரிடம் முன்னோட்டமாகச் செய்து பார்த்து, பத்தில் ஏழு அல்லது எட்டு சரியாக வருமாறு அமைத்துக்கொள்வது நல்லது.

கேள்வியைக் குறுக்குவது

‘இசை நல்லதா?’ என்ற கேள்விக்கு எந்த ஆய்வும் விடை தர முடியாது. ‘சொற்கள் உள்ள பாடல் ஒலிக்கும்போது, அமைதியாக இருக்கும்போதைவிட, 15 நிமிடக் கூட்டல் வேலையில் பிழைகள் கூடுகின்றனவா?’ என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். ஒரு காரணி, இரண்டு நிலைகள், ஒரு பணி, ஒரு முதன்மை அளவை என்ற அளவில் கேள்வியைச் சுருக்கி, எந்தத் திசையில் மாற்றத்தை எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் சேர்த்து, சோதனையைத் தொடங்கும் முன்பே தேதியிட்டு எழுதி வைத்துவிடுங்கள். இந்தச் சிறு ஒழுக்கத்தை நான் மிகவும் வலியுறுத்துகிறேன். முடிவுகளைப் பார்த்த பிறகு கேள்வியை மாற்றிக்கொள்வது எவ்வளவு இயல்பாக நடந்துவிடுகிறது என்பது, எழுதி வைத்த தாளைத் திரும்பப் பார்க்கும்போதுதான் உறைக்கும். நேரத்தில் மாற்றம் இல்லை, பிழையிலும் இல்லை, ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஏதோ இருக்கிறது என்று தேடத் தொடங்கினால், எந்த எண்களிலிருந்தும் ஏதாவது ஒரு ‘கண்டுபிடிப்பை’ எடுத்துவிட முடியும்.

பயிற்சியையும் வரிசையையும் அடக்குவது

திங்கட்கிழமை காபி இல்லாமல் கூட்டல் செய்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை காபியுடன் செய்கிறீர்கள். செவ்வாயன்று வேகம் கூடியிருக்கிறது. இதில் காபியின் பங்கு எவ்வளவு, முந்தைய நாள் செய்த பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. எந்தப் பணியையும் திரும்பத் திரும்பச் செய்யும்போது, தொடக்கத்தில் முன்னேற்றம் மிக விரைவாகவும், போகப்போக மெதுவாகவும் வருகிறது. ஆலன் நியூவெல், பால் ரோசன்புளூம் ஆகியோர் 1981-இல் பலவகைப் பணிகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து இந்த வடிவம் எங்கும் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினர். பயிற்சியால் வரும் தொடக்க முன்னேற்றம் இவ்வளவு விரைவானது என்பதால், புதிய பணியின் முதல் சில அமர்வுகளில் எதைச் சோதித்தாலும் பயிற்சியே வெற்றி பெறும்.

இதற்கு இரண்டு தற்காப்புகள் உண்டு. இரண்டையும் சேர்த்தே கையாள வேண்டும். முதலில், சோதனையைத் தொடங்கும் முன் பணியைப் பலமுறை செய்து பழகுங்கள். அடுத்தடுத்த மூன்று, நான்கு அமர்வுகளில் மதிப்பெண் ஏறாமல் ஓரளவு சமமாக நிற்கும் வரை அதைச் சோதனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு, இரண்டு நிலைகளின் வரிசையை மாற்றி மாற்றி அமையுங்கள். தனியொருவர் தம்மீதே சோதிக்கிறார் என்றால், ‘இல்லாமல், உடன், உடன், இல்லாமல்’ என்ற நான்கு நாள் தொகுதியைப் பயன்படுத்தலாம். மீதமிருக்கும் சீரான முன்னேற்றம் இரு பக்கமும் சமமாகப் பங்கிடப்படும். இன்னும் நல்லது, ஒவ்வொரு இரண்டு நாளுக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டி, எந்த நாள் எந்த நிலை என்று முடிவு செய்வது. பலர் பங்கேற்கிறார்கள் என்றால், பாதிப் பேர் ஒரு வரிசையிலும் மீதிப் பேர் தலைகீழ் வரிசையிலும் செய்யட்டும்; யார் எந்தப் பாதி என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். மூன்று நிலைகள் இருந்தால் முதலாமவர் அ, ஆ, இ என்றும், இரண்டாமவர் ஆ, இ, அ என்றும், மூன்றாமவர் இ, அ, ஆ என்றும் செய்யுமாறு அமைத்தால், ஒவ்வொரு நிலையும் ஒவ்வோரிடத்திலும் ஒருமுறை வந்துவிடும்.

வரிசையை மாற்றினாலும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரு நிலையின் விளைவு அடுத்த நிலைக்குள் ஒழுகி வருவதே அது. உடலில் சேர்ந்த காஃபீனின் அளவு பாதியாகக் குறையவே ஆரோக்கியமான பெரியவர்களுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. எனவே காபியுடனும் காபி இல்லாமலும் ஒரே நாளில் சோதிப்பது பயனற்றது. அதைவிட நுட்பமான இன்னொன்றும் உண்டு. நாள்தோறும் காபி குடிப்பவர் ஒரு நாள் நிறுத்தினால் தலைவலியும் மந்தமும் வரக்கூடும். அப்போது அவர் அளப்பது காபியின் நன்மையையா, காபியை நிறுத்தியதன் கேட்டையா? அதைப் பிரித்தறிய வேண்டுமானால், சில நாட்கள் முழுதாக நிறுத்தி உடல் சமநிலைக்கு வந்த பிறகே தொடங்க வேண்டும். தூக்கக் குறைவும் ஒரே இரவில் ஈடாவதில்லை என்பதால், அதைச் சோதிக்கும் தொகுதிகளுக்கு இடையே சில நாட்கள் இடைவெளி விடுங்கள். ஒரு புதிய உத்தியைக் கற்றுக்கொள்வதைப் போன்ற, திரும்பப் பெற முடியாத மாற்றங்களுக்கு இந்த முறை பொருந்தவே பொருந்தாது. அவற்றைத் தனித்தனி ஆட்களைக் கொண்ட இரண்டு குழுக்களில்தான் ஒப்பிட வேண்டும்.

சோதிக்கும் நேரம், இடம், வெளிச்சம், சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பன போன்றவற்றை மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள். விழித்தெழுந்த முதல் அரை மணி நேரத்தைத் தவிர்ப்பதும் நல்லது. தூக்கத்தின் மந்தம் அப்போது இன்னும் கலைந்திருக்காது.

எதிர்பார்ப்பின் கை

1911-இல் அமெரிக்காவில் ஒரு குளிர்பானத்தில் காஃபீன் சேர்க்கப்பட்டிருப்பது தீங்கானதா என்ற வழக்கு நடந்தபோது, அந்த நிறுவனத்தின் பணத்தில் ஆய்வு செய்ய ஹாரி ஹாலிங்வொர்த் என்ற இளம் உளவியலாளர் அழைக்கப்பட்டார். பணம் கொடுப்பவரின் விருப்பம் முடிவில் கலந்துவிடக் கூடாது என்பதில் அவர் கொண்ட அக்கறை இன்றும் பின்பற்றத்தக்கது. பங்கேற்றவர்களுக்குக் குளிகைகள் தரப்பட்டன. சிலவற்றில் காஃபீன் இருந்தது, சிலவற்றில் பால் சர்க்கரை மட்டும் இருந்தது. எந்த நாளில் எது தரப்பட்டது என்பது விழுங்கியவர்களுக்கும் தெரியாது, அவர்களைச் சோதித்தவர்களுக்கும் தெரியாது. இரு தரப்புக்கும் மறைத்துச் செய்யும் இந்த முறை பின்னாளில் மருத்துவ ஆய்வுகளின் அடிப்படையாகவே ஆயிற்று.

சோதிப்பவரிடமிருந்தும் ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்கலாம். 1963-இல் ராபர்ட் ரோசந்தால், கெர்மிட் ஃபோட் ஆகியோர் மாணவர்களிடம் எலிகளைக் கொடுத்து, அவை சிக்கலான பாதையைக் கற்கும் திறனை அளக்கச் சொன்னார்கள். சிலருக்கு ‘இவை கூர்மையான மரபில் வந்தவை’ என்றும், சிலருக்கு ‘இவை மந்தமான மரபில் வந்தவை’ என்றும் சொல்லப்பட்டது. உண்மையில் எல்லாம் ஒரே வகை எலிகள். ஆனாலும் ‘கூர்மையான’ எலிகளே நன்றாகக் கற்றதாகப் பதிவுகள் வந்தன. மாணவர்கள் பொய் எழுதினார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. எலியைக் கையாண்ட விதம், தயங்கிய கணங்களை எண்ணிய விதம் ஆகியவற்றிலெல்லாம் எதிர்பார்ப்பு கலந்திருக்கக்கூடும்.

காபியைச் சோதிக்க காஃபீன் நீக்கிய காபியை இன்னொருவர் கலந்து கொடுக்கச் சொல்லலாம். எந்தக் கோப்பை எது என்பதை அவர் மட்டும் எழுதி உறையில் மூடி வைத்து, எல்லாம் முடிந்த பிறகு திறக்கலாம். தூக்கம், இசை, வெப்பம் ஆகியவற்றை இப்படி மறைக்க முடியாது. அங்கே செய்யக்கூடியது, விடைத்தாள்களைத் திருத்துபவருக்கு எந்தத் தாள் எந்த நிலையில் எழுதப்பட்டது என்பதைத் தெரியாமல் வைப்பது. திருத்துபவரும் நீங்களே என்றால், தாள்களில் எண்கள் மட்டும் இட்டுக் கலைத்து வைத்துக்கொண்டு சில நாட்கள் கழித்துத் திருத்துங்கள்.

இந்த இடத்தில் ஹாதோர்ன் ஆய்வுகளைக் குறிப்பிடாமல் போக முடியாது. சிகாகோவுக்கு அருகிலிருந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த அந்த ஆய்வுகளில், வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி கூடியது, கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே அதற்குக் காரணம் என்று பல தலைமுறைப் பாடநூல்கள் சொல்லிவந்தன. வெளிச்ச ஆய்வின் பழைய தரவுகளை ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் ஆகியோர் தேடியெடுத்து 2011-இல் மறுபடியும் ஆராய்ந்தபோது, அந்தக் கதைக்கு மிகச் சிறிய ஆதாரமே இருப்பது தெரிந்தது. வெளிச்சம் மாற்றப்பட்டது ஞாயிற்றுக்கிழமைகளில். திங்கட்கிழமை உற்பத்தி கூடியது உண்மை. ஆனால் எந்த மாற்றமும் செய்யாத வாரங்களிலும் திங்கட்கிழமை உற்பத்தி அப்படியே கூடியிருக்கிறது. புகழ்பெற்ற ஆய்வொன்றின் மையத்திலேயே வாரநாள் என்ற கவனிக்கப்படாத காரணி உட்கார்ந்திருந்திருக்கிறது. உங்கள் மாற்றங்களை எப்போதும் ஒரே கிழமையில் செய்யாதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

எந்தக் காரணியை எடுத்துக்கொள்வது

முதன்முறையாகச் செய்பவர்கள், விளைவு பெரிதாகவும் பலமுறை உறுதியானதாகவும் இருக்கும் காரணியிலிருந்து தொடங்குவது நல்லது. சிறிய விளைவைத் தேடிப் போனால், அது கிடைக்காதபோது முறை தவறா, காரணி தவறா என்று தெரியாமல் நிற்க நேரிடும்.

அந்த வகையில் வேலை மாற்றம் மிகப் பொருத்தமானது. இரண்டு வெவ்வேறு வேலைகளை மாற்றி மாற்றிச் செய்யும்போது நேரம் வீணாவதை ஆர்தர் ஜெர்சில்ட் 1927-இலேயே அளந்து காட்டினார். அடுத்து எந்த வேலை வரும் என்று முன்பே தெரிந்து, தயாராகவும் நேரம் கிடைத்தாலும் அந்த இழப்பு குறைகிறதே தவிர முற்றிலும் மறைவதில்லை என்பதை ராபர்ட் ரோஜர்ஸும் ஸ்டீபன் மான்செல்லும் 1995-இல் நிறுவினர். ஒரு தாளில் ஈரிலக்க எண்களின் பட்டியலைத் தந்து எல்லாவற்றோடும் 3 கூட்டச் சொல்லுங்கள். இரண்டாம் தாளில் எல்லாவற்றிலிருந்தும் 3 கழிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் தாளில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டவும் கழிக்கவும் சொல்லுங்கள். மூன்றாம் தாளின் நேரத்தை முதல் இரண்டின் சராசரியோடு ஒப்பிட்டால், ஒரே மாலையில் விளைவைக் கண்ணால் பார்க்கலாம்.

இலக்கு இன்னொரு நல்ல தேர்வு. ‘முடிந்த அளவு நன்றாகச் செய்யுங்கள்’ என்று சொல்வதைவிட, கடினமான ஆனால் குறிப்பான ஓர் இலக்கைத் தருவது திறனைக் கூட்டுகிறது என்பதை எட்வின் லாக், கேரி லேதம் ஆகியோர் பல பத்தாண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பணி சிக்கலானதாக ஆக ஆக இந்த நன்மை சுருங்குகிறது. ஊக்கப் பரிசும் இப்படித்தான். 1962-இல் சாம் கிளக்ஸ்பர்க் நடத்திய ஆய்வில், புதிதாகச் சிந்தித்துத் தீர்க்க வேண்டிய ஒரு புதிரைப் பணப் பரிசு அறிவிக்கப்பட்டவர்கள் பரிசில்லாதவர்களைவிட மெதுவாகவே தீர்த்தனர். அதே புதிரை வழி வெளிப்படையாகத் தெரியுமாறு எளிதாக்கித் தந்தபோது பரிசுக்குழு முந்தியது. பிறர் பார்ப்பதன் விளைவும் இதே வடிவில்தான் அமைகிறது. ராபர்ட் ஜயான்ஸ் குழுவினர் 1969-இல் கரப்பான் பூச்சிகளைக் கொண்டே இதைக் காட்டினர்: மற்றக் கரப்பான்கள் ‘பார்வையாளர்களாக’ இருந்தபோது நேர்ப்பாதையில் ஓட்டம் விரைந்தது, வளைந்து செல்லும் பாதையில் தாமதமாயிற்று.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு காரணி திறனைக் கூட்டுமா குறைக்குமா என்பது பணியின் கடினத்தைப் பொறுத்தே அமைகிறது என்பது விளங்கும். ஆகவே உங்களால் முடிந்தால், எளிய பணி ஒன்று, கடினமான பணி ஒன்று என இரண்டிலும் ஒரே காரணியைச் சோதியுங்கள். ஒரே ஒரு பணியில் கிடைத்த முடிவை எல்லா வேலைக்கும் நீட்டுவதே இந்தத் துறையில் மிகப் பரவலான பிழை என்று நான் கருதுகிறேன்.

பின்னூட்டத்தைச் சோதிப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். செய்த வேலையைப் பற்றிச் சொன்னாலே முன்னேறிவிடுவார்கள் என்ற நம்பிக்கை ஆழமானது. ஆனால் ஆவ்ரஹாம் குளூகர், ஏஞ்சலோ டெனிசி ஆகியோர் 1996-இல் 607 ஒப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியில் பின்னூட்டம் நன்மை செய்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் திறன் குறைந்திருப்பது தெரியவந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி, ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற எண்ணத்தின் மீது விழும்போது கேடு நேர்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

பதற்றம் ஓரளவு இருந்தால் நல்லது, மிகுந்தால் கெடுதல் என்று கவிழ்ந்த கிண்ணம் போன்ற ஒரு வளைகோட்டை நீங்கள் பார்த்திருக்கலாம். அதற்கு மூலமாகச் சுட்டப்படும் யெர்க்ஸ், டாட்சன் ஆகியோரின் 1908-ஆம் ஆண்டு ஆய்வு, சுண்டெலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து, கருமையையும் வெண்மையையும் பிரித்தறியக் கற்பித்தது பற்றியது. மனிதரின் பதற்றத்தை அது அளக்கவே இல்லை. அந்த வளைகோட்டை மனத்தில் வைத்துக்கொண்டு முடிவுகளைப் படித்தால், எந்த முடிவும் அதற்குள் அடங்கிவிடும். அதை ஒதுக்கி வைத்துவிட்டே தொடங்குங்கள்.

எண்களைப் படிப்பது

ஒரு நாள் ஒப்பீட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு நிலையிலும் குறைந்தது எட்டு, பத்து அமர்வுகள் வேண்டும். எதிர்வினை நேரங்களைத் தொகுக்கும்போது சராசரியைவிட, ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் வரும் மதிப்பை எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. ஒரே ஒரு தும்மல் சராசரியைக் கெடுத்துவிடும், நடுமதிப்பை அசைக்காது.

கணிதப் பின்னணி இல்லாதவர்களும் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. அமர்வுகளை இணை இணையாக அமைத்து, ஒவ்வோர் இணையிலும் எந்த நிலை வென்றது என்று மட்டும் எண்ணுங்கள். காரணிக்கு எந்த விளைவும் இல்லையென்றால் அது நாணயம் சுண்டுவதைப் போன்றது. பத்து இணைகளில் எட்டோ அதற்கு மேலோ ஒரே பக்கம் விழ, எந்தப் பக்கமானாலும் சரி என்று கொண்டால், தற்செயலாகவே 1024-இல் 112 வாய்ப்புகள் இருக்கின்றன. அதாவது ஏறத்தாழ 11 விழுக்காடு. ஒன்பதோ அதற்கு மேலோ விழ 1024-இல் 22 வாய்ப்புகள். ஏறத்தாழ 2 விழுக்காடு. ஆகவே பத்தில் எட்டு என்பது பார்க்க நன்றாக இருந்தாலும் ஆதாரமாகப் போதாது. பத்தில் ஒன்பது என்றால் பொருட்படுத்தலாம்.

மிக மோசமாகச் செய்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து அவர்களுக்கு உங்கள் முறையைக் கற்பித்து, ‘முன்னேறிவிட்டார்கள்’ என்று சொல்லாதீர்கள். மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் சற்று நல்லதாகவே இருக்கும்; எதுவும் செய்யாவிட்டாலும் மதிப்பெண்கள் சராசரியை நோக்கித் திரும்பும். அதே நிலையிலுள்ள வேறு சிலரை எதுவும் செய்யாமல் விட்டு ஒப்பிட்டால்தான் உங்கள் முறையின் பங்கு தெரியும்.

பலரைச் சோதித்தால், மொத்தச் சராசரியோடு நின்றுவிடாமல் ஒவ்வொருவரின் எண்களையும் தனிக் கோடாக வரைந்து பாருங்கள். தூக்கக் குறைவைத் தாங்கும் திறன் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுவதும், ஒரே ஆளிடம் மறுமுறை சோதித்தாலும் அந்த வேறுபாடு நிலையாக இருப்பதும் தெரிந்த செய்தி. சராசரிக் கோடு அந்த வேறுபாட்டை முழுவதுமாக மறைத்துவிடும்.

விளைவு எதுவும் தெரியவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். மனவுறுதி என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் ஒரு சேமிப்பு என்ற கருத்து, பல சிறிய ஆய்வுகளின் ஆதரவோடு பல ஆண்டுகள் செல்வாக்குடன் இருந்தது. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே முறையில் அதைச் சோதித்தபோது விளைவு ஏறத்தாழப் பூச்சியமாக வந்தது. விளைவு காணாத சிறு ஆய்வுகள் முன்பே வெளிச்சத்துக்கு வந்திருந்தால், இந்தத் தெளிவு மிகவும் முன்னதாகக் கிடைத்திருக்கும்.

தொடங்கும் முன் பங்கேற்பாளர்களுக்குச் சொல்ல வேண்டியவை

என்ன செய்யப் போகிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்பவற்றை எழுத்தில் தந்து ஒப்புதல் பெறுங்கள். உங்களிடம் படிக்கும் மாணவரோ உங்களுக்குக் கீழ் வேலை செய்பவரோ ‘முடியாது’ என்று சொல்லத் தயங்குவார் என்பதை மறவாமல், அவர்களின் ஒப்புதலை வேறொருவர் மூலம் பெறுங்கள். பதிவேட்டில் பெயர்களுக்குப் பதில் எண்களை இடுங்கள்.

தூக்கத்தைக் குறைக்கும் சோதனைகளைச் சிறுவர்களிடமும், கருவுற்றவர்களிடமும், நோயுற்றவர்களிடமும் செய்யவே கூடாது. பெரியவர்களிடமும் இரவு முழுக்க விழிக்க வைப்பதைத் தவிர்த்து, அவர்கள் வழக்கமாகத் தூங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, நன்றாகத் தூங்கிய நாட்களையும் குறைவாகத் தூங்கிய நாட்களையும் ஒப்பிடுவதே சரி. காரணத்தை உறுதியாகச் சொல்லும் வலிமை அதில் சற்றுக் குறைந்தாலும், யாருக்கும் தீங்கு நேராது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைக்கண் ஒருங்கிணைப்பு, இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவருடையதற்குச் சமமாகக் குறைகிறது என்று டாசன், ரீட் ஆகியோர் 1997-இல் காட்டினர். குறைவாகத் தூங்கிய நாளில் சோதனைக்கு வருபவர், தாமே வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பாதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டு, அதன் பிறகு கடிகாரத்தை ஓடவிடுங்கள்.